பழைய வீட்டில் வாஷிங் மெஷின் ஷாக்: குடிபோகும் முன் எதைச் சோதிக்க வேண்டும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். மதுரையில் சுமார் 25 வருடப் பழைய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். ஈரக்கையோடு வாஷிங் மெஷினைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன், "எல்லா மெஷின்லயும் இப்படித்தாங்க இருக்கும், செருப்பு போட்டுக்கிட்டு தொடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, ஏசி மூன்றும் இனிமேல்தான் மாட்ட வேண்டும். முழு வயரிங்கையும் பிரித்து மாற்றுவதா, இப்படியே குடிபோவதா என்பது உங்கள் கேள்வி. அந்த எலக்ட்ரீஷியனின் பேச்சை நம்பலாமா என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் சொன்னதில் பாதி சரி. மெஷினிலிருந்து மிகக் கொஞ்சம் கரண்ட் எர்த்துக்கு, அதாவது கசிவைத் தரைக்குக் கொண்டுபோகும் வயருக்கு, போவது இயல்பு. அது உங்கள் கைக்குத் தெரிவது இயல்பே இல்லை. தெரிகிறதென்றால் போக வேண்டிய வழி அடைபட்டிருக்கிறது, உங்கள் உடம்பு வழியாகப் போகப் பார்க்கிறது என்று பொருள். இதைப் படித்து முடிக்கும் முன்பே மெஷினின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக் வெளியே இருக்கட்டும்.

இயல்பான அந்தக் கொஞ்சம் எங்கிருந்து வருகிறது? இப்போதைய வாஷிங் மெஷின், மைக்ரோவேவ், கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர் ஏசி எல்லாவற்றிலும் கரண்ட் உள்ளே நுழையும் இடத்தில் ஒரு ஃபில்டர் இருக்கும். அதில் பேஸிலிருந்து (கரண்ட் வரும் வயர்) மெஷினின் உடம்புக்கு ஒரு சின்ன கெப்பாசிட்டர், நியூட்ரலிலிருந்து (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) உடம்புக்கு இன்னொன்று. எர்த் சரியாக இருந்தால் அந்த வழியே வரும் ஒரு மில்லி ஆம்பியரை ஒட்டிய கசிவு சத்தமில்லாமல் தரைக்குப் போய்விடும். எர்த் அறுந்திருந்தால் மெஷினின் உடம்பு 230 வோல்ட்டுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில், 115 வோல்ட்டை ஒட்டி, மிதந்துகொண்டு நிற்கும். மனிதன் உணரத் தொடங்குவது சுமார் அரை மில்லி ஆம்பியரில். அதனால்தான் புறங்கையால் தடவினால் நறநறவென்றும், ஈரக்கையால் தொட்டால் சுர்ரென்றும் இருக்கிறது. இந்த அளவு கசிவு மட்டும்தான் என்றால் அது ஆளைக் கொல்லாது. ஆனால் அதுமட்டும்தான் என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. 10 மில்லி ஆம்பியரை நெருங்கும்போது தசை இறுகி, பிடித்த கையை விட முடியாமல் போகிறது. 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சில நொடிகள் நீடித்தால் இதயத்தின் துடிப்பே குலைந்துவிடலாம். ஈர உடம்பின் தடை ஏறக்குறைய 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால், முழு 230 வோல்ட்டும் உடம்பு வழியே போனால் 230 மில்லி ஆம்பியர். லேசான சுர்ருக்கும் உயிர்போகும் அளவுக்கும் இடையே இவ்வளவுதான் தூரம்.

உங்கள் மெஷினில் நடப்பது எது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. சாத்தியங்கள் மூன்று. ஒன்று, மேலே சொன்ன ஃபில்டர் கசிவு, எர்த் இல்லை. இரண்டு, மெஷினுக்குள்ளேயே உண்மையான பழுது: வெந்நீர் வசதியுள்ள மெஷின் என்றால் ஹீட்டர் காயில், இல்லையென்றால் மோட்டார், அல்லது எலி கடித்த வயர். மூன்றாவதைப் பலரும் யோசிப்பதில்லை. வீடு முழுக்க ஒரே எர்த் வயர் ஓடுகிறது, ஆனால் அது எர்த் குழிக்குப் போகும் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. அப்போது எந்தச் சாமானில் கசிந்தாலும் அந்த வோல்டேஜ் எர்த் பின் வழியாக எல்லாச் சாமான்களின் உடம்புக்கும் பரவும். ஃப்ரிட்ஜின் பழுதுக்கு வாஷிங் மெஷினில் ஷாக் அடிக்கும். மெஷினைக் கழற்றி சர்வீஸுக்கு அனுப்புவீர்கள், அவர்கள் எந்தக் குறையும் இல்லை என்று திருப்பித் தருவார்கள், வீட்டில் மாட்டினால் மறுபடி அடிக்கும்.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. வீட்டிலுள்ள மூன்று பின் பிளக்குகள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு வாஷிங் மெஷினை மட்டும் மாட்டி, அதன் உடம்பில் பெயின்ட் இல்லாத ஒரு ஸ்க்ரூவுக்கும் சாக்கெட்டின் நியூட்ரலுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் வேலை செய்கிறது. நூறை ஒட்டிக் காட்டினால் எர்த் இல்லை, கசிவு பெரும்பாலும் இந்த மெஷினுடையது. மெஷினின் பிளக்கைப் பிடுங்கி, சாக்கெட்டின் எர்த் துளைக்கும் நியூட்ரலுக்கும் நடுவே பாருங்கள். அங்கேயே வோல்டேஜ் நின்றால் கசிவு வேறு இடத்திலிருந்து வருகிறது. கீசர், மோட்டார் போல நேராக வயரிங்கில் கட்டியவற்றை எம்சிபியில் (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் ஸ்விட்ச்) ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போனால் எங்கே மறைகிறது என்று தெரிந்துவிடும். அணைத்தும் மறையவில்லை என்றால் சுவருக்குள்ளிருக்கும் வயரையும் சந்தேகப்பட வேண்டும்.

மெஷினுக்குள் பழுது உண்டா என்பதற்குச் சில எலக்ட்ரீஷியன்கள் ஒரு 40 வாட் குண்டு பல்பை மெஷினின் உடம்புக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வைத்துப் பார்ப்பார்கள். பல்பு லேசாகச் சிவந்தாலே பழுது உறுதி. எல்இடி பல்பை இதற்கு வைக்கக் கூடாது, அது ஃபில்டர் கசிவுக்கே மினுக்கும். ஆனால் குண்டு பல்பு எரியவில்லை என்பதால் மெஷின் நல்லது என்று ஆகிவிடாது. 20 மில்லி ஆம்பியர் கசிவுக்கு அந்த இழை சிவக்காது, ஆள் செத்துவிடலாம். நம்பகமான சோதனை 500 வோல்ட் மெக்கர்தான், அதாவது இன்சுலேஷனின் தடையை அளக்கும் கருவி. பிளக்கைப் பிடுங்கி, பேஸ் பின்னையும் நியூட்ரல் பின்னையும் சேர்த்துக் கட்டி, அதற்கும் உடம்புக்கும் நடுவே அளக்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் அந்த மெஷினை ஓட்டக் கூடாது. ஹீட்டர் உள்ள மெஷினில் உள்ளே ரிலே திறந்திருக்கும் என்பதால் பிளக்கில் அளந்தால் ஹீட்டர் கணக்கில் வராமல் போகலாம். பின்பக்க மூடியைக் கழற்றி ஹீட்டரின் முனைகளிலேயே அளக்கச் சொல்லுங்கள்.

இனி வீட்டுக்கு வருவோம். "எர்த் நல்லா இருக்கு, எம்சிபி போட்டிருக்கு, ஏதாவது ஆனா எம்சிபி விழுந்துடும்" என்று கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் சொல்வார்கள். நம் ஊர் அமைப்பில் இது தவறு, கணக்குப் போட்டுப் பார்த்தால் நீங்களே உணர்வீர்கள். மின்வாரியத்தின் லைன் வீட்டுக்குள் பேஸையும் நியூட்ரலையும்தான் கொண்டுவருகிறது. எர்த் குழியை வீட்டுக்காரர்தான் தோண்டிக்கொள்கிறார். பழுதுக் கரண்ட் உங்கள் குழியில் இறங்கி, மண் வழியாக டிரான்ஸ்ஃபார்மரின் எர்த் வரை போய்ச் சேர வேண்டும். உங்கள் குழியின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக் குழிக்கு அது மோசமான அளவு அல்ல. கீசர் உடம்பில் முழு பேஸும் பட்டுவிட்டால் ஓடும் கரண்ட் 230 வகுத்தல் 10, அதாவது 23 ஆம்பியர். சி வகை 16 ஆம்பியர் எம்சிபி உடனே விழ வேண்டுமானால் 80 முதல் 160 ஆம்பியர் வரை தேவை. 23 ஆம்பியருக்கு அது ஒரு மணி நேரம்கூட விழாமல் நிற்கலாம். அவ்வளவு நேரமும் கீசரும் பைப்பும் ஷவரும் ஆபத்தான வோல்டேஜில் நிற்கும். குழியை 5 ஓமுக்குக் கொண்டுவந்தாலும் 46 ஆம்பியர்தான், விழ ஒரு நிமிடம் வரை ஆகலாம். எம்சிபி செய்யப்பட்டது வயர் எரியாமல் காப்பதற்கு. ஆளைக் காக்கும் வேலை அதற்குக் கொடுக்கப்படவில்லை.

அந்த வேலைக்கு வந்தது ஆர்சிசிபி. பேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் 0.3 நொடிக்குள், 150 மில்லி ஆம்பியர் ஆனால் 0.04 நொடிக்குள் துண்டிக்கும். எர்த் குழி 100 ஓம் என்று மோசமாக இருந்தாலும் பழுதுக் கரண்ட் 2.3 ஆம்பியர், ஆர்சிசிபிக்கு அது மிகத் தாராளம். அதனால் என்னைக் கேட்டால், செலவுக்கு ஒரே ஒரு காரியம்தான் முடியும் என்ற நிலையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியை முதலில் போடுங்கள். சிங்கிள் பேஸ் என்றால் 2 போல், த்ரீ பேஸ் என்றால் 4 போல். சிங்கிள் பேஸுக்கானது பிராண்டைப் பொறுத்து இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி வரும். கடையில் 'ஏ' வகை என்று கேட்டு வாங்குங்கள். இன்வெர்ட்டர் ஏசி, இன்வெர்ட்டர் வாஷிங் மெஷின், இண்டக்‌ஷன் அடுப்பு போன்றவற்றில் வரும் கசிவு சுத்தமான ஏசி கரண்டாக (ஆல்டர்னேட்டிங் கரண்ட்) இருக்காது. மலிவாகக் கிடைக்கும் 'ஏசி' வகை அதைக் கவனிக்காமல் விடக்கூடும். இந்த 'ஏசி' வகைக்கும் ஏர் கண்டிஷனருக்கும் தொடர்பில்லை, பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

ஆர்சிசிபிக்கும் எல்லை உண்டு. ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தால் அதற்குத் தெரியாது. ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும் அது விழாது, அதற்கு எம்சிபி தனியாக வேண்டும், அல்லது இரண்டும் சேர்ந்த ஆர்சிபிஓ வேண்டும். எர்த்தே இல்லாமலும் ஆர்சிசிபி வேலை செய்யும், ஆனால் ஆள் தொட்ட பிறகுதான் விழும். எர்த் இருந்தால் பழுது வந்த நொடியிலேயே, யாரும் தொடுவதற்கு முன் விழுந்துவிடும். இரண்டும் வேண்டும் என்று சொல்வது இதனால்தான். அதன் முகத்திலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அது ஆர்சிசிபி உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டும் காட்டும், எர்த்தைப் பற்றி எதுவும் சொல்லாது. பழைய வீட்டில் ஆர்சிசிபி மாட்டியதும் அது நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தால், "இந்த வீட்டுக்கு இது செட்டாகாது" என்று கழற்றிவிடுவார்கள். தயவுசெய்து அதை அனுமதிக்காதீர்கள். வீட்டில் எங்கோ இருக்கும் ஒரு பழுதை அது கண்டுபிடித்திருக்கிறது. பெரும்பாலும் வேறொரு சர்க்யூட்டின் நியூட்ரலைக் கடன் வாங்கிக் கட்டியிருப்பார்கள், அல்லது நியூட்ரலும் எர்த்தும் எங்கோ சேர்ந்திருக்கும்.

நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்திருப்பது என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று. வீட்டைப் பார்க்கும்போது நீங்கள் தேடவேண்டிய மிக மோசமான வேலை இதுதான். 25 வருடத்துக்கு முன் கட்டிய பல வீடுகளில் 15 ஆம்பியர் பாயின்ட்டுக்கு மட்டும் எர்த் இழுத்திருப்பார்கள், 5 ஆம்பியர் சாக்கெட்டுகளுக்கு இழுத்திருக்க மாட்டார்கள். பிறகு யாராவது எர்த் கேட்டால், சாக்கெட்டுக்குப் பின்னால் நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு இரண்டு அங்குல வயரை லூப் போட்டுவிடுவார்கள். ஷாக் உடனே நின்றுவிடும், டெஸ்டரில் எல்லாம் சரியாகக் காட்டும். என்றைக்காவது அந்த நியூட்ரல் ஜாயின்ட் லூஸாகி அறுந்தால், ஓடிக்கொண்டிருக்கும் சாமான் வழியாகவே முழு பேஸும் லூப் வழியாக உடம்புக்கு வந்து நிற்கும். இதைப் பிடிக்க டெஸ்டர் உதவாது. மல்டிமீட்டரில் வழி இருக்கிறது. அதே போர்டில் ஒரு அயர்ன் பாக்ஸை ஓட விட்டு, பக்கத்து சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளங்கள். லோடு ஓடும்போது நியூட்ரல் வயரில் அரை வோல்ட்டிலிருந்து இரண்டு மூன்று வோல்ட் வரை இறக்கம் இருக்க வேண்டும். லோடு போட்டாலும் எடுத்தாலும் அசையாமல் 0.0 என்றே நின்றால் லூப் இருப்பதாகச் சந்தேகப்படுங்கள். மெயினை அணைத்துவிட்டுப் போர்டைக் கழற்றிக் கண்ணால் பார்த்தால் உறுதியாகிவிடும்.

மல்டிமீட்டரைக் கையில் எடுப்பதாக இருந்தால், சிவப்பு வயர் வோல்ட் துளையில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஆம்பியர் துளையில் இருந்தபடி சாக்கெட்டில் வைத்தால் அது நேரடி ஷார்ட், முகத்துக்கு நேரே வெடிக்கும். சாக்கெட்டை நேராகப் பார்த்தால் மேலே பெரிய துளை எர்த், வலது பேஸ், இடது நியூட்ரல். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230ஐ ஒட்டி, பேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் சில வோல்ட் என்பதுதான் சரியான கணக்கு. பேஸுக்கும் எர்த்துக்கும் 80, 120 என்று ஏதோ தடுமாறினால் எர்த் அறுந்திருக்கிறது, மீட்டர் காட்டுவது பக்கத்து வயர்களிலிருந்து வரும் பேய் வோல்டேஜ். ஆனால் சரியான 230 காட்டினாலும் எர்த் வலுவாக இருக்கிறது என்று ஆகாது. மீட்டர் மிகக் கொஞ்சம் கரண்ட்தான் எடுக்கும், ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் 230 காட்டிவிடும்.

இதற்காகத்தான் நம் எலக்ட்ரீஷியன்கள் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் பல்பு போட்டுப் பார்க்கிறார்கள். நல்ல பழக்கம்தான், இரண்டு எச்சரிக்கையோடு. எர்த் குழி 50 ஓம் இருந்தாலும் அந்த பல்பு கண்ணுக்குப் பிரகாசமாகவே எரியும், ஏனென்றால் பல்பின் தடையே 500 ஓமுக்கு மேல். ஆகவே எர்த் இருக்கிறது என்பதைச் சொல்லும், எவ்வளவு நல்லது என்பதைச் சொல்லாது. அடுத்தது ஆபத்தானது. எர்த் வயர் மேலே எங்கோ அறுந்திருந்தால், இந்த பல்பு வழியாகப் பேஸ் போய் வீட்டிலுள்ள எல்லாச் சாமான்களின் உடம்பிலும் ஏறி நிற்கும். சோதனை செய்யும் நேரத்தில் சமையலறையில் ஒருவர் ஃப்ரிட்ஜைத் திறந்தால் போதும். பல்பு போடும் முன் மூன்று பின் பிளக்குகளை எல்லாம் பிடுங்கச் சொல்லுங்கள், கீசர், மோட்டார் பக்கம் யாரும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்சிசிபி மாட்டிய வீட்டில் பல்பு எரியாது, வைத்த உடனே ஆர்சிசிபி விழும். அப்படி விழுவதே எர்த் தொடர்ச்சிக்கு நல்ல அத்தாட்சி.

எர்த் குழியையும் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். எர்த்திங்குக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 3043 சொல்வது 2.5 மீட்டர் நீளத்துக்குக் குறையாத ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப். பழைய வீடுகளில் கரியும் உப்பும் போட்டு இறக்கியிருப்பார்கள். உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும், கூடவே பைப்பையும் அரிக்கும். 25 வருடத்தில் பைப்பின் தலையில் கட்டிய ஜிஐ கம்பியின் போல்ட் துருப்பிடித்துக் கையோடு வருவது சாதாரணம். தரையைச் சிமென்ட் போட்டு மூடியிருந்தால், டைல்ஸ் ஒட்டியிருந்தால், தண்ணீர் ஊற்றவும் வழியில்லை. மதுரை வெயிலில் காய்ந்த மண்ணில் தடை பல மடங்கு ஏறும். எர்த் டெஸ்டர் (குழியின் தடையை அளக்கும் கருவி) வைத்திருப்பவரைக் கூப்பிட்டு சித்திரை, வைகாசியில் அளக்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் அளந்தால் எல்லாக் குழியும் நல்ல குழியாகத்தான் தெரியும்.

அடுத்தது சூடு. ஷாக் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால் தீயை மறந்துவிடுகிறோம். வீட்டில் சாக்கெட் கருகுவதற்கு முதல் காரணம் லூஸ் கனெக்‌ஷன். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 8.7 ஆம்பியர் எடுக்கும். பிளக்கும் சாக்கெட்டும் தொடும் இடத்தில் அரை ஓம் தடை இருந்தாலே அந்தப் புள்ளியில் 38 வாட் சூடு, சுண்டுவிரல் நுனி அளவு இடத்தில் ஒரு சால்டரிங் அயர்ன் வைத்த மாதிரி. கரண்ட் கூடவில்லை என்பதால் எம்சிபி விழாது. அடையாளங்கள் சின்னவை: பிளக் பின்னில் நீலமோ கறுப்போ ஏறியிருக்கும், சாக்கெட் துளையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகியிருக்கும், பக்கத்தில் போனால் கருகல் வாடையோ கருவாட்டு வாடையோ வரும். சோதிக்க எளிய வழி: கீசரையோ அயர்ன் பாக்ஸையோ அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பின்களுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. தொட்டுப் பிடிக்க முடியாத சூடு என்றால் சாக்கெட்டையும் பிளக்கையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் கருகிய பின் புது சாக்கெட்டின் ஸ்பிரிங்கையும் கெடுக்கும்.

இண்டக்‌ஷன் அடுப்பின் பிளக்கைத் தடுமாற்றமில்லாமல் 16 ஆம்பியர் சாக்கெட்டில்தான் மாட்ட வேண்டும். 16க்கும் 6க்கும் போடும் கன்வெர்ட்டர் பிளக், 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டையும் இந்த வேலைக்கு வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். கீசருக்கு 2 கிலோவாட் என்றால் 2.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயர் தனி லைனாக, 16 ஆம்பியர் எம்சிபியோடு. 4.5 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் சுமார் 20 ஆம்பியர் எடுக்கும், அதை 16 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டவே கூடாது. 4 ஸ்கொயரில் தனி லைன் இழுத்து டிபி ஸ்விட்சில் (பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும் டபுள் போல் ஸ்விட்ச்) நேராகக் கட்ட வேண்டும். ஏசிக்கு 4 ஸ்கொயர் போடுவது வழக்கம், நல்ல வழக்கம். கீசரைப் பொறுத்தவரை போர் தண்ணீர் வீட்டில் ஒரு கூடுதல் கவலை உண்டு. உப்புப் படிந்து காயிலின் உறை வெடித்தால் தண்ணீரிலேயே கரண்ட் இறங்கும். எர்த்தும் ஆர்சிசிபியும் இல்லாமல் கீசர் மாட்டுவதற்கு நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மெயின் போர்டில் எம்சிபி எண்ணையும் அதிலிருந்து போகும் வயரையும் ஒப்பிடுங்கள். 1.5 ஸ்கொயருக்கு 10 ஆம்பியர், 2.5க்கு 16, 4க்கு 20 அல்லது 25, 6க்கு 32 என்பது பாதுகாப்பான கணக்கு. ஏசி போட்டால் எம்சிபி விழுகிறது என்று 2.5 வயரில் 32 ஆம்பியர் எம்சிபி மாட்டியிருப்பதைப் பழைய வீடுகளில் அடிக்கடி காணலாம். அங்கே இனி எம்சிபி விழுவதற்கு முன்பே வயர் எரிந்துவிடும். ஃபியூஸ் கட்டை உள்ள போர்டு என்றால் கழற்றிப் பாருங்கள், ஃபியூஸ் வயருக்குப் பதில் முறுக்கிய காப்பர் இழைகள் இருந்தால் அதுவும் இதே கதை. வயரில் 3/20, 7/20 என்று அச்சிட்டிருந்தால் பயப்பட வேண்டாம், பழைய கேஜ் கணக்கு அது. 3/20 ஏறக்குறைய 2 ஸ்கொயர், 7/20 நாலரை ஸ்கொயர், 1/18 ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். த்ரீ பேஸ் வீடு என்றால் பேஸ் சேஞ்சர் ஸ்விட்சையும் பாருங்கள். ஒரு பேஸ் போனதும் மொத்த வீட்டையும் இன்னொன்றுக்குத் திருப்பித் திருப்பி, அதன் உள் காண்டாக்ட் பொரிந்து போயிருக்கும். திருப்பும்போது பொறி பறந்தால், திருப்பிய பிறகு கைப்பிடி சுட்டால் மாற்றிவிடுங்கள்.

முழு வயரிங் மாற்றுவது பற்றி. வயது ஒன்றை மட்டும் வைத்து மாற்றச் சொல்லும் ஆலோசனையை நான் ஏற்பதில்லை. வயர் காப்பர், அளவு போதும், மெயினை அணைத்து, எல்லாச் சாமானையும் கழற்றி மெக்கர் வைத்தால் ஒரு மெகா ஓமுக்குத் தாராளமாக மேலே இருக்கிறது என்றால் விளக்கு, ஃபேன் லைன்களை அப்படியே விடலாம். எல்லா சாக்கெட்டுக்கும் எர்த் வயர் இழுத்து, கீசர், ஏசி, சமையலறைக்குப் புதிய தனி லைன்கள் போட்டால் போதும். வயர் அலுமினியம் என்றாலோ, மெக்கரில் தேறவில்லை என்றாலோ, குழாயில் எர்த் வயர் நுழைய இடமே இல்லை என்றாலோ மாற்றத்தான் வேண்டும். கண்ணால் பார்க்க ஒரு வழி: அதிகம் சூடு பார்த்த இடங்கள் பழைய குண்டு பல்பு ஹோல்டரும் கீசர் பாயின்ட்டும். அங்கே வயர் முனையை மெதுவாக வளைத்துப் பாருங்கள். மேலுறை வெடித்து உதிர்ந்தால் அந்த லைன் முடிந்தது. வளைந்து கொடுத்தால் நல்ல அறிகுறி, ஆனால் சுவருக்குள் நடுவில் என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது. அதற்கு மெக்கர் மட்டுமே.

வேலைக்கு ஆள் பார்க்கும்போது வயர்மேன் தகுதிச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள், மெக்கரும் எர்த் டெஸ்டரும் சொந்தமாக வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். டெஸ்டர் மட்டும் வைத்திருப்பவர் இந்த வீட்டுக்குப் போதாது. மீட்டருக்கு முன்னால் சீல் வைத்த பகுதியை அவரும் தொடக் கூடாது, நீங்களும் தொடக் கூடாது. அங்கே கருகலோ பொறியோ தெரிந்தால் மின்வாரியத்தில் புகார் கொடுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மெயினை அணைத்த பிறகும் விளக்கு, ஃபேன் லைன்களில் 230 வோல்ட் இருக்கும். மெயினை அணைத்துவிட்டோம் என்று நம்பி ஏணியில் ஏறுகிறவர்களுக்கு ஷாக் அடிப்பது இதனால். இன்வெர்ட்டரை அணைத்து, அதன் அவுட்புட் பிளக்கையும் கழற்றிய பிறகே வேலை தொடங்க வேண்டும்.

நீங்கள் கேட்காதவை இரண்டு, வீட்டுக்கு வெளியே இருப்பதால் விட்டுப்போகும். மொட்டை மாடியில் துணி காயப்போடும் ஜிஐ கம்பியை சர்வீஸ் வயர் வரும் இரும்புப் பைப்பில் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். கட்டியிருந்தால் கையால் தொடாமல் மின்வாரியத்தைக் கூப்பிட்டு லைனை அணைத்த பிறகு அவிழ்க்கச் சொல்லுங்கள், பிறகு நைலான் கயிறு கட்டுங்கள். அடுத்தது சம்ப் மோட்டார். தண்ணீருக்குள் கிடக்கும் மோட்டாரின் கேபிளில் இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட் இருந்தால் அதை வெட்டிவிட்டு ஒரே நீளக் கேபிளாக மாற்றுங்கள், அந்த லைனும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிக்குப் பின்னால் வரட்டும். சம்ப்பைக் கழுவ ஆள் இறங்கும் நாளில் ஸ்டார்ட்டரை அணைத்தால் மட்டும் போதாது, மோட்டார் எம்சிபியை இறக்கி, பக்கத்தில் ஒருவரை நிற்க வையுங்கள்.